மின்னல்மேல் போட்ட பழி

என் மகன் பத்தாம் வகுப்புப் படித்தபோது அவனுடைய டிவி கேமைக் கெடுத்தது மின்னல் அல்ல, நான்தான். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல் முப்பது வருஷத்தை ஓட்டியவன் நான். இங்கேயும் கடைசிவரை இழுத்தடித்தால் அது அதே பழைய புத்தி.

தென்காசிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் மத்தியானம் வரை நல்ல வெயில் அடிக்கும். மூன்று மணிக்குமேல் குற்றால மலையின் தலை கருக்கும், நாலு மணிக்கு இடி வந்துவிடும். முதல் இடி கேட்டதும் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சத்தம்தான்: "டிவி ஒயரைப் பிடுங்கு!" சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் ஆன்டெனா ஒயரையும் பிடுங்கி, ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளிப் போட வேண்டும். அப்படிச் செய்யாமல் எங்கள் தெருவில் மூன்று டிவிகள் புகைந்து போயிருந்தன.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சையில் மகனுக்குக் கணக்கில் மார்க் குறைந்திருந்தது. காரணம் டிவி கேம்தான் என்று நான் முடிவு கட்டினேன். ஓடுவதும் குதிப்பதும் காசு பொறுக்குவதுமாக ஒரு விளையாட்டு. ஒரு சாயங்காலம் இடி இடித்த பிறகும் அவன் ஒயரைப் பிடுங்காமல் இரண்டு நிமிஷம் விளையாடினான். பாதியில் விட மனமில்லை, அவ்வளவுதான். டிவிக்கும் ஒன்றும் ஆகவில்லை, கேமுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை அவன் டியூஷனுக்குப் போயிருந்தபோது கேம் பெட்டியின் நாலு திருகாணிகளைக் கழற்றி, படத்தைக் கொண்டுபோகிற ஒரே ஒரு ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினேன். பிறகு மூடி வைத்துவிட்டேன். பரீட்சை முடிந்ததும் ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்பது எண்ணம்.

சாயங்காலம் என்னிடம் வந்தான். "அப்பா, சத்தம் வருது, படம் வரலை."

பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். காதருகே வைத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தேன். "மின்னல் பாய்ஞ்சிருக்கு. நேத்து இடி கேட்டதும் ஒயரைப் பிடுங்கினியாலே?"

அவன் தரையைப் பார்த்தான். "பிடுங்கலைப்பா."

படத்தை எடுத்துக்கொண்டு சத்தத்தை விட்டுவைக்கிற மின்னல் உலகத்தில் எங்கும் கிடையாது. மின்னல் பாய்ந்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. என் முதலாண்டு மாணவன் எவனாவது விடைத்தாளில் அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். மகன் நம்பினான். அவனுக்கு நான் அப்பா. அதோடு இயற்பியல் வாத்தியார்.

அடுத்த ஒரு வாரம் அவன் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தத்தை வைத்தே விளையாடினான். பாட்டு மாறுவதை வைத்து எந்த இடம் என்று கண்டுபிடிப்பான். குதிக்கிற சத்தம், காசு விழுகிற சத்தம், பள்ளத்தில் விழுந்து சாகிற சத்தம். பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எட்டாவது நாள் பெட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு அவனே பரணில் ஏற்றினான்.

அதோடு முடிந்திருந்தால்கூட என் குற்றம் சின்னது. ஆனால் அதன்பிறகு அவன் இடிக்குப் பயந்தவனாகிவிட்டான். வீட்டில் ஒயர் பிடுங்குவது தன் கடமை என்று எடுத்துக்கொண்டான். அடுத்த மாதமே ஒருநாள் மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன் இடி கேட்டதும் மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, நனைந்த படியில் வழுக்கி விழுந்தான். இடது புருவத்தில் ஐந்து தையல். மருத்துவமனை பெஞ்சில் அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மா ஒயரைப் பிடுங்கிட்டாளா?" அப்போது சொல்லியிருக்க வேண்டும். "பிடுங்கியாச்சு, நீ பேசாம இரு" என்றேன்.

பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினான். பெட்டியை ஒட்டிக் கொடுத்தால் வெட்டியதைச் சொல்ல வேண்டிவருமே என்று ஒட்டவில்லை. நல்ல மார்க்கைக் காட்டி, செய்தது சரிதான் என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

இப்போது அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. எட்டாவது மாடி வீட்டில் இருந்துகொண்டு, தூறல் விழுந்தாலே வீடு முழுக்கப் பிளக்கைப் பிடுங்குகிறானாம். மருமகள் போனில் சொல்லிச் சிரிப்பாள்: "மாமா, இவரு இடி இடிச்சா ஃபிரிட்ஜைக்கூட விடமாட்டுக்காரு." நானும் சிரித்து வைப்பேன்.

இந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் அவனே கூப்பிட்டான். "அப்பா, அந்தப் பழைய டிவி கேம் பரண்லதான இருக்கு? தீவாளிக்கு வரும்போது தொறந்து பாக்கணும். மின்னல் அடிச்ச போர்டையெல்லாம் இப்பம் சரி பண்ணிடுதாங்க."

"இருக்கும்" என்றேன். திறந்தான் என்றால் முதலில் கண்ணில் படுவது வெட்டிய ஒயர்தான். நேர்மையான மனிதன் அன்றே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பான். நான் பரணுக்கு ஏணி தேடினேன். அவன் வருவதற்குள் ஒயரை ஒட்டி, மூடி, பழைய இடத்தில் வைத்துவிட்டால், "அட, தானாகவே சரியாயிட்டே" என்று அவன் சந்தோஷப்பட்டுப் போய்விடுவான் என்று திட்டம்.

கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது. ஈயத்தை உருக்கிப் பற்றுவைக்கப் போய்ப் பிளாஸ்டிக்கைத்தான் பொசுக்கினேன். வேறு வழியில்லாமல் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கைபேசிக் கடைகளுக்கு நடுவே இன்னும் டிவி பழுது பார்க்கிற ஒரே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"இது என்ன சார், மியூசியத்துலருந்து கொண்டாந்தியளா?" என்றார். "என்ன கோளாறு?"

"மின்னல் அடிச்சது."

திறந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டினார். "மின்னலா? மின்னல் அடிச்சா போர்டு கருகில்லா கெடக்கும். இது கட்டிங் பிளேயர் அடிச்சது சார். பாருங்க, எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கான். வேலை தெரிஞ்ச களவாணிப் பய."

"எவனோ" என்றேன்.

"வீட்ல பிள்ளைக ஏதும் நோண்டியிருக்குமோ?"

"இருக்கும்."

முப்பது வருஷத்துக்குப் பிறகும், கேட்க ஆளில்லாத இடத்திலும், பழியை மகன் பக்கமே தள்ளினேன். ஒயரை ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக் கொடுத்தார். அத்தோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அன்றுதான் என் பாடு தொடங்கியது.

எங்கள் வீட்டில் இருப்பது மகன் வாங்கிக் கொடுத்த பெரிய தட்டை டிவி. கேமிலிருந்து வருவது படத்துக்கு மஞ்சள் முனையும் சத்தத்துக்கு வெள்ளை முனையும். டிவியில் அந்த ஓட்டைகளே இல்லை. பின்னால் சின்னதாக ஒரு துளை இருக்கிறது; அதற்கு மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டைகள் உள்ள ஒரு இணைப்பு ஒயர் வாங்க வேண்டும். வாங்கினேன். மஞ்சளை மஞ்சளில்தானே மனிதன் செருகுவான்? செருகினால் படத்துக்குப் பதிலாக டர்ரென்று ஒரு சத்தம். இரண்டு நாள் மல்லாடிய பிறகு, ஆத்திரத்தில் மஞ்சளைச் சிவப்பில் செருகினேன். படம் வந்தது. ஏன் என்று மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "ஆளுக்கு ஒரு மாதிரி ஒயரு போடுதான் சார், கேக்க யாரு இருக்கா?" என்றார்.

படம் கறுப்பு வெள்ளை. டிவியின் பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல் என்று இறங்கி, வண்ண முறையைத் தானியங்கியிலிருந்து பிடுங்கி நம் ஊர் முறைக்கு மாற்றியதும் நிறம் வந்தது. வந்ததும் தெரிந்தது, எல்லோரும் குண்டாக இருந்தார்கள். சதுரப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துப் போட்டிருந்தது. ஓடிக் குதிக்கிற ஆள் ஊதிப்போன பூசணிக்காய் மாதிரி உருண்டான். நாலுக்கு மூன்று என்று மாற்றினேன், ஆள் இளைத்தான். ஆனால் கொடியில் காயப்போட்ட ஈரத்துணி வழியாகப் பார்ப்பதுபோல எல்லாம் மங்கல். கூர்மையைக் கூட்டினால் ஓரங்களில் எறும்பு ஊர்ந்தது. குறைத்தால் மங்கல் கூடியது. நடுவே ஒரு பட்டை கீழிருந்து மேலாக ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தது. அது பழைய அடாப்டர் செய்கிற வேலை என்றார் மெக்கானிக். வேறு அடாப்டர் போட்டோம். பட்டை போனது.

எல்லாவற்றையும்விட என்னை வெறி பிடிக்கவைத்தது தாமதம். பொத்தானை அமுக்கினால் ஆள் யோசித்துவிட்டுக் குதிக்கிறான். அதற்குள் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். தட்டை டிவி பழைய படத்தை வாங்கித் திருத்தி, மினுக்கி, பிறகுதான் காட்டுமாம். அதை யார் கேட்டார்கள்? இதற்கென்று ஒரு மாற்றுப்பெட்டியும் வாங்கிப் பார்த்தேன். அதில் தாமதம் இன்னும் கூடியது.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். "பேத்தி எடுத்தாச்சு. இப்பம் போயி டிவி கேமு. அன்னைக்குப் பிள்ளை விளையாடையில என்ன பேச்சு பேசுனிய!"

"அவன் வருதாம்லா, அவனுக்குத்தான்."

"அவனுக்கு வேணும்னா அவன் பாத்துக்கிட மாட்டானா? ஒங்க மூஞ்சியப் பாத்தா கடனுக்கு வேலை பாக்குத மாதிரி இருக்கு."

அவளுக்கும் ஒயர் விஷயம் தெரியாது. உண்மையில் எனக்கே புரியவில்லை. ஒட்டி வைத்தால் போதும் என்று தொடங்கியவன் எதற்காகப் படத்தின் தரத்துக்காக இப்படி மல்லுக்கட்டுகிறேன்? இப்போது தெரிகிறது. நான் எடுத்துக்கொண்டது படத்தை. திருப்பிக் கொடுக்கும்போது அது மங்கலாக இருக்கக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். வாயால் சொல்ல வேண்டியதைப் படத்தால் அடைக்கப் பார்த்தேன்.

"சார், இந்தக் கேமு குண்டு டிவிக்குன்னே செஞ்சது. டியூப் டிவியில போட்டியன்னா படம் கண்ணாடி மாதிரி நிக்கும்" என்றார் மெக்கானிக் கடைசியில். "குத்தாலத்துல லாட்ஜ்ல கெடக்கும், கேட்டுப் பாருங்க." எங்கள் பழைய டிவியை எப்போதோ பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம்.

ஐந்தருவி சாலையில் ஒரு லாட்ஜ். கேமைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். அன்று மலையில் நல்ல மழை; அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வரவேற்பறையில் நாலைந்து பேர் உடம்பு முழுக்க எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, தடை நீங்கட்டும் என்று துண்டோடு நின்றிருந்தார்கள்.

"பழைய டிவியா? மாடிப்படிக்குக் கீழ கெடக்கு, எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, எடம் காலியாவும்" என்றார் மேலாளர். "எதுக்கு, கோழி அடைக்கவா?"

"படம் பாக்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூன்று டிவிகளை வெளியே இழுத்துப் போட்டார். முதலாவதில் உயிரே இல்லை. இரண்டாவதில் உலகமே சிவப்பு. மூன்றாவதில் படம் வந்தபோது எண்ணெய் ஆட்கள் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"இது எந்தச் சேனலு?"

"சேனல் இல்லைவே, கேமு. சின்னப்பிள்ளையில நாங்க ஆடியிருக்கோம். அண்ணாச்சி, குதிக்கச் சொல்லுங்க. குதிங்க! ஐயோ, விழுந்துட்டாரே!"

விழுந்தது என் விரல் குற்றம், டிவியின் குற்றமில்லை. அமுக்கினால் அந்தக் கணமே குதித்தான். எறும்பு இல்லை, மங்கல் இல்லை. ஒரு மூலையில் மட்டும் ஊதா நிறம் படர்ந்திருந்தது. பல வருஷம் அதன் தலையிலேயே ஸ்டெபிலைசரை வைத்திருந்ததால் திரையில் ஏறிய காந்தம் அது. ஆற விட்டு மறுபடி போட்டால் டிவியே கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொள்ளும். படித்த படிப்பு அந்த ஒரு இடத்தில் உதவியது. ஆட்டோவில் டிவியை மடியில் குழந்தை மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். இரண்டு நாள் தொடை வலித்தது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாக மகன் மட்டும் வந்தான். மருமகளும் பேத்தியும் அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வருவதாக ஏற்பாடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எப்படிப்பா? குண்டு டிவியே பிடிச்சிட்டியளா! கலரு பாருங்க, அப்படியே நிக்குது." ஒரு கட்டத்தைத் தாண்டினான், இன்னொன்றைத் தாண்டினான். எனக்கு அந்த அரைமணி நேரம் போதும் போலிருந்தது. நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆனால் அவன் என் பிள்ளை. படம் நன்றாக இருந்தால் இன்னும் நன்றாக்க வேண்டும். "லேசா ஒரு கோடு ஓடுது, பாத்தியளா? உள்ள எதோ சரியா ஒட்டலை" என்றவன், நான் எழுவதற்குள் திருப்புளியை எடுத்துக் கழற்றிவிட்டான்.

"இங்கன புதுசா பத்து வச்சிருக்கே."

"மெக்கானிக் சரி பண்ணினாரு."

"இந்த ஒரு ஒயரை மட்டுமா?" போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தான். "மத்ததெல்லாம் புத்தம் புதுசா இருக்கு. மின்னல் இதை மட்டும் எப்படிப்பா அறுத்துச்சு?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான், வாத்தியாரிடம் கேட்பதுபோல. சில நேரம் மின்சாரம் ஒரே பாதையைத் தேடும் என்று ஏதோ சொல்ல நான் வாயைக்கூடத் திறந்துவிட்டேன். யோசிக்கும்போது புருவத்துத் தழும்பை விரலால் தேய்ப்பது அவன் பழக்கம். அப்போதும் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மின்னல் இல்லடே. நான்தான் வெட்டினேன்" என்றேன். "உனக்கு மார்க் குறைஞ்சிருந்துது. நீ டியூஷனுக்குப் போயிருக்கையில."

அவன் மூடியை வைத்தான். நாலு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் முடுக்கினான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வாரம் சத்தத்தை வச்சே விளையாடினேனே. அது ஒங்களுக்குக் கேட்டுதா?"

மருத்துவமனையைப் பற்றிக் கேட்பான், பிளக்குகளைப் பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை.

"கேட்டுது."

தலையை ஆட்டினான். ஒயர்களை மாட்டி, டிவியைப் போட்டு, மறுபடி விளையாடத் தொடங்கினான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் அவன் கண் திரையில் இருக்கிறது. ஒரு கட்டம் முடியட்டும், அடுத்த கட்டம் முடியட்டும் என்று நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மலை கருத்தது. முதல் இடி வந்தது.

"ஏலே, ஒயரைப் பிடுங்கு!" அடுக்களையிலிருந்து மனைவி.

அவன் அசையவில்லை. இடி கேட்டு அவன் அசையாமல் இருந்ததை நான் முப்பது வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தேன். இரண்டாவது இடி கிட்டத்தில் கேட்டது. ஜன்னல் அதிர்ந்தது.

"பிடுங்குடே" என்றேன்.

"இருக்கட்டும்" என்றான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "போனா இந்தத் தடவ நெசமாவே மின்னல்ல போவட்டும்."

அந்த ஒரு ஒயருக்காக, அந்த ஒரு படத்துக்காக நான் பட்ட பாடெல்லாம் கண்முன்னே வந்தது. மூன்றாவது இடிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்று, அணைந்தது.

மகன் கையிலிருந்த பொத்தான் பெட்டியைத் தரையில் வைத்தான்.

"இப்பமும் நீங்கதானப்பா நிறுத்தினிய."

"தப்புதான்லே" என்றேன், எதற்கு என்று பிரித்துச் சொல்லாமல். அது அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. மழை ஓட்டில் இறங்கிவிட்டது. அவன் எழுந்து கூடத்துக்குப் போனான். ஃபிரிட்ஜ், மிக்ஸி, இணையப் பெட்டி, பெரிய டிவி என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளிப் போட்டுவிட்டு வந்தான். அதைச் செய்யும்போது அவனுக்கு முகமே மாறவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது.

மழை ஒரு மணி நேரம் பெய்து வெறித்தது. நான் பிளக்கை எடுத்துக்கொண்டு, "போடட்டுமா?" என்று கேட்டேன்.

"அங்கன வைங்க" என்றான். "நானே போட்டுக்கிடுதேன்."